டேபிளின் அகலத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைவு

போன இதழில் சீன டேபிள் டென்னிஸ் வீராங்கனை டெங் யாப்பிங்கைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘அவர் ஆடும்போது டேபிளுக்கு மேலே தலை மட்டும்தான் தெரியும்.’ அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டியவர்களும் கடைசியில் ஒரு கேள்வி கேட்டுத்தான் முடித்திருக்கிறார்கள். எனவே இந்த முறை பகுதி முழுக்க அவருக்கே.

கே: ஒருவரின் உயரத்தைக் கிண்டல் செய்வது உங்கள் வயதுக்கு அழகா? அவர் உயரம் எவ்வளவு என்றாவது தெரியுமா?

ப: அழகில்லைதான். அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கணக்குப்படியும் அது தப்பு. டெங் யாப்பிங்கின் உயரம் 150 சென்டிமீட்டர், அதாவது 4 அடி 11 அங்குலம். டேபிளின் உயரம் 76 சென்டிமீட்டர். ஆக, டேபிளுக்கு மேலே அவர் ஏறக்குறைய பாதி தெரிவார். பேட் பிடித்த கையும் அந்த முறைப்பும் நன்றாகவே தெரியும். எதிரில் நின்றவர்களுக்கு அதுவே தாராளம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இது கிண்டல் இல்லை. டேபிளின் அகலம் 152.5 சென்டிமீட்டர். அவரைக் குறுக்காகப் படுக்கவைத்தால்கூட இரண்டரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். உயரமான ஆள் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி எடுக்கிற பந்துக்கு இவர் ஓடியாக வேண்டும். ஐந்து வயதில் பேட்டைப் பிடித்தவர், 24 வயதில் கீழே வைத்தார். இடைப்பட்ட 19 வருஷமும் இந்த ஒன்றரை மீட்டருக்குள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டேதான் இருந்தார்.

கே: எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. ‘குள்ளம் என்று எல்லோரும் விரட்டினார்கள், மன உறுதியால் 18 உலகப் பட்டங்கள் வென்றாள்’ என்று. பிள்ளைகளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். உண்மைதானே?

ப: விரட்டியது உண்மை. 18-ம் உண்மை. நடுவில் இருக்கிற ‘மன உறுதியால்’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

1973-இல் ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோ நகரத்தில் பிறந்தவர். அப்பா டெங் தாசொங் டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர். மகளுக்கு ஐந்து வயதானபோது அவரே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சில வருஷங்களில் மாகாண அணியின் வாசலுக்குப் போனார்கள். இந்த உயரத்துக்கு எதிர்காலம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு நகர அணியில் சேர்ந்தார். காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தது அந்தக் காலத்தில்தான். 13 வயதில் தேசியப் போட்டியில் பட்டம் வாங்கினார். அதற்கப்புறமும் தேசிய அணி உடனே கதவைத் திறக்கவில்லை, அங்கேயும் அதே உயரப் பிரச்சினை. 1988-இல், 15 வயதில்தான் உள்ளே போக முடிந்தது.

உங்கள் ஃபார்வர்டு சொல்லாமல் விட்ட ஆள் ஒருவர் இங்கே இருக்கிறார். சாங் ஷியேலின். அப்போது சீனப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். மற்றவர்கள் வேண்டாம் என்றபோது இந்தப் பெண் வேண்டும் என்று நின்றவர் அவர். ஏன் நின்றார் என்பதற்கு அவருடைய சொந்தக் கதையைப் பார்க்க வேண்டும். 1960-களில் சீன ஆண்கள் அணியில் தடுத்தாடுபவராக இருந்தார். டேபிளிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, எதிராளி அடிக்க அடிக்க, பந்தின் அடிப்பக்கத்தைச் சீவுகிற மாதிரி வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவார். அவர் பேட்டில் இருந்தது லாங் பிம்பிள்ஸ் என்ற நீளமான காம்பு வைத்த ரப்பர். அந்த விசித்திர ரப்பரோடு உலகப் போட்டிகளில் நின்று பார்த்தவர் அவர். டெங் யாப்பிங்கின் பேட்டில் பேக்ஹேண்ட் பக்கமும், அதாவது புறங்கை முன்னால் வர அடிக்கிற பக்கமும், அதே லாங் பிம்பிள்ஸ். மற்றவர்கள் இஞ்ச் டேப்பைப் பார்த்தபோது சாங் அந்தப் பெண்ணின் பேட்டைப் பார்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உயரம் குறைந்தவருக்கு வருகிற பந்தெல்லாம் உயரமான பந்து என்று அவர் வாதாடியதாகச் சொல்வார்கள். கேட்டால் சமாளிப்பு மாதிரி இருக்கும். ஆடிப் பார்த்தால் புரியும். நீளமான ஆசாமி குனிந்து, முழங்காலை மடக்கி எடுக்கிற பந்தை, இவர் நின்ற நிலையிலேயே தட்டையாக அறைய முடியும். அதற்கு டேபிளை ஒட்டி நிற்க வேண்டும், பந்து எழும்பும்போதே அடிக்க வேண்டும், கால் ஓயவே கூடாது. தள்ளி நின்று ஆடினால் கை எட்டாது, ஆட்டம் போச்சு. ஆக, ஒட்டி நிற்பது அவருடைய துணிச்சல் மட்டுமில்லை. வேறு வழியே கிடையாது. அவருடைய ஆட்டம் முழுக்க இந்தக் கட்டாயத்திலிருந்து முளைத்தது. உயரத்தை ‘மீறி’ ஜெயித்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அந்த உயரத்துக்கு என்ன ஆட்டம் சரிவருமோ அதைச் சின்ன வயதிலிருந்தே தைத்துக் கொடுத்தார்கள், அளவெடுத்துச் சட்டை தைப்பது போல. மன உறுதி அவருக்கு ஏகத்துக்கும் இருந்தது, யார் இல்லை என்றது? திரும்பிப் போன மற்ற குழந்தைகளிடமும்தான் இருந்திருக்கும்.

கே: அது என்ன லாங் பிம்பிள்ஸ்? எங்கள் கிளப்பில் ஒருவர் அப்படி ஒரு பேட்டோடு வந்து எல்லோரையும் அழவைக்கிறார். அது ஏமாற்று வேலை இல்லையா?

ப: ஏமாற்று வேலை இல்லை. ஆனால் நீங்கள் அழுவதில் நியாயம் இருக்கிறது, நானும் அழுதிருக்கிறேன்.

கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு போட்டியில், எனக்கு எதிரே மூக்குக் கண்ணாடி போட்ட, சற்றே தொந்தி விழுந்த ஒரு பெரியவர் வந்து நின்றார். இவரா என்று நினைத்தேன். என்னுடைய டாப் ஸ்பின், அதாவது பந்து போகிற திசையிலேயே முன்னோக்கிச் சுழலும் அடி, அந்த வட்டாரத்தில் கொஞ்சம் பேர் வாங்கியது. இழுத்து ஒரு டாப் ஸ்பின் போட்டேன். அவர் சும்மா பேட்டை நீட்டினார். மிதந்து மிதந்து ஒரு சாது பந்து வந்தது. மறுபடி இழுத்தேன், நெட்டில். சரி, கை சரியாக விழவில்லை என்று அடுத்ததை இன்னும் பலமாகச் சுழற்றினேன். நெட்டின் இன்னும் கீழே போய் இடித்தது. மூன்றாவதைப் பயந்து தூக்கிவிட்டேன், சுவரில் போய் விழுந்தது. அந்த ஆட்டம் 21-9. முடிந்ததும் அவர் பேட்டைத் திருப்பி என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். மாட்டின் நாக்கு மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். சாதாரண ரப்பர் வழவழப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். பந்தைப் பிடித்து, வந்த சுழலை அழித்து, உங்கள் சுழலை ஏற்றி அனுப்பும். லாங் பிம்பிள்ஸில் மேற்பரப்பு முழுக்க மெல்லிய, உயரமான ரப்பர் காம்புகள். பந்து பட்டதும் காம்புகள் மடங்கிச் சரிந்துவிடும், பிடிக்காது. அதனால் வந்த சுழல் அழியாமல் அதே திசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், பந்து போகிற திசை மட்டும் மாறிவிடும். சக்கரம் உங்களைப் பார்த்து உருண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சியை நிறுத்தாமல் அதை அப்படியே பின்னால் தள்ளினால் என்ன ஆகும்? போவது ஒரு பக்கம், சுற்றுவது எதிர்ப்பக்கம். அதுதான் பேக் ஸ்பின். நீங்கள் எவ்வளவு டாப் ஸ்பின் கொடுக்கிறீர்களோ அவ்வளவு பேக் ஸ்பின் உங்களுக்கே திரும்பி வரும். நான் பலமாக இழுக்க இழுக்கப் பந்து நெட்டின் அடியில் போனதற்குக் காரணம் நானேதான். நீங்கள் வெட்டி அனுப்பினாலோ, திரும்பி வருவதில் லேசான டாப் ஸ்பின் இருக்கும். அதையும் வெட்டப் போனால் பந்து மேலே எழும்பி, அறைந்து கொல்லுங்கள் என்று நிற்கும்.

பொதுவாக இந்த ரப்பரைத் தடுத்தாடுபவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள். டெங் யாப்பிங் இதை வைத்துக்கொண்டு டேபிளை ஒட்டி நின்று அடித்தார். அதுதான் வித்தியாசம். ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கைப் பக்கம், சாதாரண ரப்பர், பேக்ஹேண்டில் இது. பேக்ஹேண்டிலிருந்து ஒரு குழப்பமான பந்து தள்ளாடிக்கொண்டு போகும், எதிராளி அரை மனதோடு தொடுவார், அடுத்த நொடி ஃபோர்ஹேண்டில் இடி விழும். பழைய வீடியோக்கள் கிடைத்தால் ஒரு தடவை பந்தைப் பார்க்காமல் எதிராளியின் பேட் கோணத்தை மட்டும் பாருங்கள். பந்துக்குப் பந்து கோணத்தை மாற்றிக்கொண்டே இருப்பார், பாவம்.

ஏமாற்று வேலை என்ற புகாருக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் ரப்பர் ஒட்டி, கைக்குள்ளேயே பேட்டைத் திருப்பிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. 1980-களின் நடுவில் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கறுப்பு என்று விதி வந்தது. டெங் யாப்பிங் உலக அரங்குக்கு வந்தது அதற்குப் பிறகு. எந்த நிறம் காம்பு என்று எதிரே நின்ற எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் தோற்றார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1999-இல் காம்பின் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்துக்கும் ஒரு வரம்பு கட்டினார்கள். உங்கள் கிளப் நண்பரிடம் ஆட்டத்துக்கு முன்னால் பேட்டை வாங்கிப் பாருங்கள், அது உங்கள் உரிமை, விதியிலேயே இருக்கிறது. பிறகு, தயவுசெய்து பலமாகச் சுழற்றாதீர்கள். சுழல் இல்லாத வெறும் பந்தைப் போடுங்கள், அவருக்கும் திருப்பித் தர ஒன்றும் இருக்காது.

கே: அவர் தோற்றதே இல்லையா?

ப: ஏன் இல்லை? தோற்ற ஆட்டங்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

1991, ஜப்பானின் சிபா நகரத்தில் உலகப் போட்டி. வட கொரியாவும் தென் கொரியாவும் முதல் முறையாக ஒரே அணியாக வந்தன. வெள்ளைக் கொடியில் நீல நிறத்தில் கொரியத் தீபகற்பம். பெண்கள் அணிப் பிரிவில் அதற்கு முன் தொடர்ந்து எட்டு முறை சீனாவுக்குத்தான் கோப்பை. இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் டெங் யாப்பிங்கை எதிர்த்து வட கொரியாவின் யூ சுன்-பொக். தோற்றது டெங் யாப்பிங். 3-2 என்று கோப்பையும் போனது. அதே ஊரில் அடுத்து நடந்த ஒற்றையரில், அதே கொரிய அணியின் லீ புன்-ஹுய்யை இறுதியில் தோற்கடித்து முதல் முறையாக உலக ஒற்றையர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 18.

அடுத்த உலகப் போட்டி 1993, ஸ்வீடனின் கோத்தன்பர்க். கையில் பார்சிலோனா ஒலிம்பிக்கின் இரண்டு தங்கம். ஆனால் ஒற்றையரில் ஆரம்பச் சுற்றிலேயே வெளியே. தோற்கடித்தவர் சிங்கப்பூரின் ஜிங் ஜுன்ஹொங்.

அதற்கடுத்தது 1994, ஹிரோஷிமா ஆசியப் போட்டி. இறுதியில் ஜப்பானின் கொயாமா சிரேவிடம் தோல்வி. இந்தக் கொயாமா யார்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அவருடைய பழைய பெயர் ஹே ஜிலி, சீனாக்காரர். 1987-இல் நம்முடைய டெல்லியில் உலகப் போட்டி நடந்தபோது அவர் சீன அணியில் இருந்தார். அரையிறுதியில் சக வீராங்கனைக்கு விட்டுக்கொடுத்துவிடு என்று அணியிலிருந்து உத்தரவு. இறுதியில் கொரியாவை யார் சமாளிப்பார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஆளை மேலே அனுப்புவது அந்த அணியில் அப்போது வழக்கம். ஹே ஜிலி கேட்கவில்லை. ஆடி ஜெயித்து, இறுதியிலும் ஜெயித்து, உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் சியோல் ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் முதன்முதலாகச் சேர்ந்தபோது, நடப்பு உலக சாம்பியனான அவர் பெயர் சீனப் பட்டியலில் இல்லை. பிறகு ஒரு ஜப்பானியரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போய்விட்டார். ஏழு வருஷம் கழித்து, 30 வயதில், ஜப்பான் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஜப்பானிய மொழியில் கத்தி, சீனாவின் முதல் ஆளை வீழ்த்தினார். அந்தக் கத்தலுக்காகவே சீனாவில் பலர் அவரை மன்னிக்கவில்லை.

இந்தத் தோல்விகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஜிங் ஜுன்ஹொங்கும் ஷாங்காயில் பிறந்து, சீனாவில் ஆட்டம் கற்று, சிங்கப்பூருக்குப் போனவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியில் டெங் யாப்பிங்கை உலுக்கிய சென் ஜிங்கும் சீன அணியிலிருந்து வெளியேறியவர். சிபாவில் தோற்கடித்த கொரியர் ஒருவரை விட்டுவிட்டால், அவருக்கு வலித்த அடியெல்லாம் உள்வீட்டு ஆட்கள் கொடுத்தது. லாங் பிம்பிள்ஸ் ஐரோப்பாக்காரருக்குப் பேய். சீனப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவருக்கு அது காலையில் பல் தேய்ப்பது மாதிரி, தினமும் பார்த்தது. இது என் சொந்த ஊகம், மறுப்பவர்கள் எழுதலாம்.

கே: இரட்டையர் கூட்டாளி சியாவ் ஹொங்குக்கு டெங் யாப்பிங் மேல் பொறாமையே இருந்திருக்காதா?

ப: அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. கணக்கைச் சொல்கிறேன், நீங்களே யோசியுங்கள். வூஹான் ஊர்க்காரரான சியாவ் ஹொங், 1989 டார்ட்மண்ட் போட்டியில் உலக ஒற்றையர் சாம்பியன். டெங் யாப்பிங்கைவிட நாலு வயது மூத்தவர். அந்தப் போட்டியில் 16 வயதுச் சின்னப் பெண்ணைக் கூட்டாளியாகக் கொடுத்தார்கள். இரட்டையர் பட்டமும் கிடைத்தது. அதற்கப்புறம் 1992 ஒலிம்பிக் ஒற்றையர் இறுதி: எதிரே அந்தச் சின்னப் பெண். தோல்வி. 1995 தியான்ஜின் உலகப் போட்டி இறுதி: மறுபடியும் அதே பெண், மறுபடியும் தோல்வி. ஒற்றையரில் எதிரே, இரட்டையரில் பக்கத்தில். இரட்டையராகச் சேர்ந்து பார்சிலோனாவிலும் அட்லாண்டாவிலும் தங்கம்.

இரட்டையரில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும், இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாங் பிம்பிள்ஸ்காரரோடு ஜோடி சேர்வதில் ஒரு தலைவலி உண்டு. அவர் அனுப்பிய குழப்பத்தை எதிராளி அரைகுறையாகத் தொட்டு, இன்னும் பெரிய குழப்பமாகத் திருப்பி அனுப்புவார். அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது கூட்டாளி. ஏழு வருஷம் சியாவ் ஹொங் செய்தது அந்த வேலை. அட்லாண்டா ஒற்றையரில் அவருக்கு வெண்கலம். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் ஃபார்வர்டு வரவேண்டியது அவரைப் பற்றித்தான்.

கே: டெங் யாப்பிங், சாங் யினிங், மா லாங்: யார் பெரியவர்?

ப: மற்ற இருவரும் பின்னால் வந்த சீன நட்சத்திரங்கள். மா லாங்கிடம் ஆறு ஒலிம்பிக் தங்கம், சாங் யினிங்கிடம் நான்கு, டெங் யாப்பிங்கிடம் நான்கு. ஆனால் டெங் யாப்பிங் காலத்தில் ஒலிம்பிக்கில் அணிப் பிரிவு கிடையாது, அது 2008-இல் வந்தது. ஆடியது இரண்டு ஒலிம்பிக், ஒவ்வொன்றிலும் ஒற்றையர், இரட்டையர். நாலு கேட்டார், நாலும் வாங்கினார். 1990 முதல் 1997 வரை உலக வரிசையில் முதலிடம். பட்டிமன்றம் வைக்க எனக்குத் தெம்பில்லை. ஆட்டத்தின் அழகுக்கு சாங் யினிங்.

கே: நீங்கள் பார்த்ததில் அவருடைய சிறந்த ஆட்டம் எது?

ப: 1996 அட்லாண்டா ஒற்றையர் இறுதி. எதிரே சென் ஜிங். ஹே ஜிலி இல்லாமல் சீனா சியோலுக்குப் போனது என்றேனே, அங்கே ஒற்றையர் தங்கம் வாங்கியவர் இந்த சென் ஜிங்தான். பிறகு தைவானுக்குப் போய் அவர்கள் சார்பில் ஆடினார். இடது கைக்காரர். லாங் பிம்பிள்ஸ் அவருக்குப் புதிதில்லை.

அப்போதெல்லாம் 21 பாயின்ட் ஆட்டம், ஒருவருக்கு ஐந்து சர்வீஸ். இன்றைய 11 பாயின்ட் ஆட்டம் 2001-இல் வந்தது. முதல் இரண்டு ஆட்டம் டெங் யாப்பிங்குக்கு: 21-14, 21-17. மூன்றாவதில் 20 வரை வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம்தான், எட்டிப் பிடித்தால் தங்கம். 20-22. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான்காவதும் 17-21. இரண்டுக்கு இரண்டு. இந்த இடத்தில் ஆட்டக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். கை கனக்கும், கால் ஒட்டிக்கொள்ளும், போன ஆட்டத்தின் அந்த ஒரு பந்தே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே இருப்பவர் முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன், எழுச்சி முழுக்க அவர் பக்கம்.

ஐந்தாவது ஆட்டம் 21-5.

இந்த ஐந்து என்ற எண்ணை நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஒலிம்பிக் இறுதியின் கடைசி ஆட்டத்தில், சமபலமான ஆளுக்கு ஐந்து பாயின்ட். வீடியோவைப் பார்த்தால் அதில் மாயம் ஒன்றும் இல்லை. டேபிளை ஒட்டியே நிற்கிறார், ஒரு அடி பின்னால் போகவில்லை. பந்து உச்சிக்கு எழும்பும் முன்பே அடி. சென் ஜிங்குக்கு மூச்சு விட நேரம் தரவில்லை. பாயின்ட் எடுத்த ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன உடம்பிலிருந்து ஒரு கூச்சல். பார்சிலோனாவைப் போலவே இங்கேயும் பதக்கத்தை அணிவித்தவர் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச். அவர் டெங் யாப்பிங்கின் பரம ரசிகர்.

கே: 24 வயதில் ஏன் ஓய்வு பெற்றார்? அப்புறம் என்ன செய்தார்?

ப: 1997 மான்செஸ்டர் உலகப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி மூன்றிலும் பட்டம். ஒற்றையர் இறுதியில் எதிரே நின்றவர் வாங் நான், அடுத்த காலத்தின் ராணி. அந்த வருஷத்தோடு டெங் யாப்பிங் நிறுத்திக்கொண்டார். 19 வருஷம் குனிந்தே ஓடிய உடம்பு, வேறென்ன காரணம் வேண்டும்?

அப்புறம் படிப்பு. பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தார். உனக்கு எவ்வளவு தெரியும், 26 எழுத்துகளை எழுது பார்ப்போம் என்று ஆசிரியர் சொன்னபோது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து எழுதியும் முழுதாக எழுதி முடிக்க முடியவில்லையாம், அவரே பிறகு சொன்னது. அந்த இடத்திலிருந்து பட்டம் முடித்து, இங்கிலாந்தின் நாட்டிங்காமில் முதுகலை, அப்புறம் கேம்பிரிட்ஜில் நிலப் பொருளாதாரத் துறையில் 2008-இல் முனைவர் பட்டம். நடுவில் ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் ஆணையத்தில் உறுப்பினர், பெய்ஜிங் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவில் பொறுப்பு. பிறகு ‘மக்கள் நாளிதழ்’ குழுமத்தின் தேடுபொறிக்குத் தலைமை ஏற்றார். அது எடுபடவில்லை, நிறைய விமர்சனமும் வாங்கினார். பேட் இல்லாத இடத்தில் எல்லோரையும் போல அவரும் ஜெயித்தார், தோற்றார்.

எனக்கு அந்த 26 எழுத்துதான் மறக்கவில்லை. குழந்தைப் பருவம் முழுவதையும் பயிற்சிக் கூடத்துக்குள் வைத்துப் பூட்டினால் இப்படித்தான் ஆகும். அந்த அமைப்பு உருவாக்கிய உலக சாம்பியனுக்கு, கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. பட்டியலில் 18 பட்டம் எழுதுகிறவர்கள் இதையும் ஓரத்தில் எழுதலாம்.

கே: என் மகளுக்கு 11 வயது. வகுப்பிலேயே குள்ளம். டேபிள் டென்னிஸ் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் கூட்டி வாங்க’ என்றார் பயிற்சியாளர். டெங் யாப்பிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், அந்த லாங் பிம்பிள்ஸ் பேட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது.

ப: அம்மா, அந்தப் பேட்டை இப்போது வாங்கவே வாங்காதீர்கள். பல வருஷம் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், பந்தின் சுழல் என்றால் என்னவென்று கையில் ஏறாத குழந்தைக்கு லாங் பிம்பிள்ஸ் கொடுத்தால், தன்னிடமிருந்து என்ன போகிறது என்றே அதற்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளை நாலு ஆட்டம் ஜெயித்துவிட்டு ஐந்தாவதில் முழிக்கும். இரண்டு பக்கமும் சாதாரண ரப்பர், கை குலுக்குவது போலப் பிடிக்கிற ஷேக்ஹேண்ட் பிடி, இது போதும்.

‘வளர்ந்த பிறகு வாங்க’ என்ற பயிற்சியாளரை விட்டுவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். 11 வயதுப் பெண்ணுக்கு உயரம் ஒரு தடையே இல்லை, டேபிள் அவளுக்கு மார்புக்குக் கீழேதான் இருக்கும். புதியவரிடம் உயரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். முதல் மூன்று மாதம் பாதி நேரம் கால் வேலைதான் வேண்டும் என்று கேளுங்கள். டேபிளின் இரண்டு மூலைகளுக்கும் மாற்றி மாற்றிப் பந்து போட வேண்டும், அவள் கால்களைப் பின்னாமல் பக்கவாட்டில் ஓடி ஓடி எடுக்க வேண்டும். வீட்டில் டேபிள் இல்லாவிட்டால் தரையில் ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டு கோடு போட்டு, ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை தொட்டு வருகிறாள் என்று எண்ணுங்கள். மணல் மூட்டையெல்லாம் வேண்டாம், வளரும் முழங்கால். ஒரு நிமிஷம் ஆனதும் அவள் ‘இன்னொரு தடவை’ என்கிறாளா, ‘போதும்’ என்கிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ரப்பரைப் பற்றி அப்போது பேசுவோம்.